கைதட்டலோடு தொடங்கிய கூட்டம்

ஜூன் 4

என் வாத்தியாரம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, பசி மட்டும் அம்மா கையை நினைக்கிறது. போனிலேயே கேட்கலாம்தான். ஆனால் அறையில் மாமாவும் இன்னும் மூன்று பேரும் இருக்கிறார்கள். காதில் விழுந்தால் வருஷம் முழுக்கச் சிரிப்பார்கள்.

என்னை மேற்பார்வையாளராகப் போட்டிருக்கிறார்கள். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாம். அட்டைப்பெட்டி வேலை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, அதில் பயமில்லை. ஆனால் திங்கட்கிழமைக் கூட்டத்தை நான் ஆங்கிலத்தில் தொடங்க வேண்டும். தலைமை அலுவலகத்திலிருந்து வருகிறவர்களுக்குத் தமிழ் தெரியாது. இந்த வாரம் எழுந்து நின்றேன், நாக்கு ஒட்டிக்கொண்டது. "சிட், சிட்" என்றேன். எல்லோரும் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தார்கள். மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார்.

நிரந்தரமானால் வீடு எடுத்து உங்கள் இருவரையும் அழைத்துக்கொள்வேன். என்ன பேசுவது என்று தமிழ் எழுத்திலேயே எழுதி அனுப்பு.

அப்பா

ஜூன் 9

அன்புள்ள அப்பா,

நூலகத்தில் இதற்கென்றே ஒரு புத்தகம் இருக்கிறது. "உனக்கு எதுக்கும்மா இது, கம்பெனி ஆரம்பிக்கப் போறியா?" என்று நூலகர் கேட்டார். ஆமாம் என்றேன்.

ஏன் கூடியிருக்கிறோம், எவ்வளவு நேரம் ஆகும், கலையும்போது என்ன முடிவாகியிருக்க வேண்டும். இவற்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டுமாம். "என் ஆங்கிலம் சுமார்தான்" என்று மட்டும் தொடங்கிவிடாதீர்கள். "குட் மார்னிங் எவ்ரிஒன். தேங்க் யூ ஃபார் கமிங். வீ ஆர் ஹியர் டு டாக் அபவுட்..." இந்த இடத்தில் அந்த வார விஷயம். நடுவில் மூச்சு விடுங்கள். எல்லார் முகத்தையும் பாருங்கள். கண்ணாடி முன் பழகுங்கள்.

எனக்கு மட்டும் எழுதுகிறீர்கள் என்று அம்மாவுக்குக் குறை. அவளுக்கும் இரண்டு வரி போடுங்கள்.

உங்கள் மகள்

அக்டோபர் 12

என் வாத்தியாரம்மாவுக்கு,

இப்போதெல்லாம் திங்கட்கிழமை என்றால் பயமில்லை. குளியலறைக் கண்ணாடியில் பழகுகிறேன். வெளியே மாமா கதவைத் தட்டி, "உள்ள யாரோட பேசிட்டு இருக்கீங்க மச்சான், அக்காவுக்கு எழுதிப் போடவா?" என்கிறான். என்னை இங்கே சேர்த்துவிட்டவன், அந்த உரிமை.

இன்னொரு உதவி. பெரிய கூட்டம் ஒன்று வருகிறது. பெட்டி ஒட்டும் பிரிவு ஆட்களுக்கு மட்டும். மாமாவும் அதில் உண்டு. மனம் குளிரும்படி தொடங்க வேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். நல்லபடி முடிந்தால் நான் நிரந்தரம்.

அப்பா

அக்டோபர் 17

அன்புள்ள அப்பா,

பரிசு கொடுக்கும் கூட்டமா? நீங்கள் சொல்லவில்லை, நானே ஊகித்துக்கொண்டேன்.

புத்தகத்தில் அருமையான வழி ஒன்று இருக்கிறது. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி எழுப்பி, அவர் செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லி, கைதட்டச் சொல்ல வேண்டும். அதன் பிறகு எதைச் சொன்னாலும் மனதில் பதியுமாம். ஒவ்வொருவரைப் பற்றியும் நீங்கள் முன்பு சொன்னவற்றை வைத்து ஆங்கிலத்தில், ஆனால் தமிழ் எழுத்திலேயே எழுதித் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். மாமாவுக்குத்தான் அதிக நேரம் யோசித்தேன். அவர் முகம் எப்படி மாறியது என்று கட்டாயம் எழுதுங்கள்.

உங்கள் மகள்

அக்டோபர் 30

அன்பு மகளுக்கு,

கூட்டம் நல்லபடி நடந்தது. ஆறு மாதம் முடிவதற்கு முன்பே நிரந்தரம் ஆக்கிவிட்டார்கள். வீடு பார்த்துவிட்டேன், ஜன்னலோரம் உனக்கு ஒரு மேஜை போடலாம். மாமா அங்கே வருகிறான். களைத்திருப்பான், அதிகம் கேட்காதே.

அப்பா

நவம்பர் 6

அப்பா,

நான் எதுவும் கேட்கவில்லை. மாமாவே அம்மாவிடம் சொன்னார். "பேரைச் சொல்லி ஏதோ நல்லதா சொன்னாருன்னு மட்டும் புரிஞ்சுதுக்கா. சம்பளம் ஏத்துறாங்கன்னு நினைச்சேன். நான்தான் முதல்ல எந்திரிச்சு நின்னு கையத் தட்டினேன், மத்தவங்களையும் தட்டச் சொன்னேன்." அதன் பிறகும் நீங்கள் இன்னொரு தாளைப் பார்த்து ஆங்கிலத்திலேயே பேசிக்கொண்டு போனீர்களாம். எல்லோரும் தலையாட்டினார்களாம். சாயங்காலம் வாசலில் அடையாள அட்டையைத் திருப்பி வாங்கிய காவலாளிதான் தமிழில் சொன்னாராம், ஒட்டுவதற்குப் புது எந்திரம் வந்துவிட்டது, நாளையிலிருந்து யாரும் வர வேண்டாம் என்று.

இதைச் சொல்லும்போது மாமா சிரித்தார். அதை என்னால் பார்க்க முடியவில்லை.

எதற்கென்று தெரிந்தேதான் என்னிடம் கேட்டீர்களா? அவர்களுக்குத் தமிழிலேயே சொல்லியிருக்கலாமே அப்பா?

மகள்

நவம்பர் 14

அன்பு மகளுக்கு,

தெரிந்துதான் கேட்டேன். சொன்னால் நீ எழுதியிருக்க மாட்டாய்.

தமிழில் சொல்லவும் கண்ணாடி முன் நின்று பார்த்தேன். "தம்பி" என்றதற்கு மேல் வார்த்தை வரவில்லை. ஆங்கிலத்தில் சொன்னபோது வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது. நான் மறுத்திருந்தால் இன்னொருவன் சொல்லியிருப்பான், வெளியே போனவர்களில் நானும் ஒருவனாக இருந்திருப்பேன். யாருக்காக இதெல்லாம் என்று நீதான் அம்மாவுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாள்.

மேஜை வாங்கிவிட்டேன். பரீட்சை முடிந்ததும் வந்துவிடுங்கள். அடுத்த மாதம் ஆண்டுக் கூட்டம், முதலாளியே வருகிறார். தொடக்கத்தை மட்டும் எழுதி அனுப்பினால் போதும்.

அப்பா

நவம்பர் 20

அப்பாவுக்கு,

ஆண்டுக் கூட்டத்துக்கு நான் எதுவும் எழுதவில்லை.

நேற்று மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அன்னிக்கு உங்கப்பா என்னைப் பத்தி என்னதாம்மா சொன்னாரு? உனக்குத்தான் இங்கிலீஷ் வருமே, கேட்டுச் சொல்லேன்" என்றார். அதை எழுதியது நான் என்று அவருக்குத் தெரியாது. காய்ச்சலோடு வந்தும் வேலையை நிறுத்தாதவர், புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் தன் சாப்பாட்டில் பாதி கொடுப்பவர், இவர் இருக்கும் இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள் என்று நீங்கள் சொன்னதாகச் சொன்னேன்.

"மச்சானுக்கு என்மேல இவ்வளவு பிரியமா? இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட வாயத் திறந்து சொன்னதில்லையே" என்றார்.

நான் மறுக்கவில்லை. அவர் அப்படியே நம்பிக்கொண்டிருக்கட்டும்.

நாங்கள் வரவில்லை.

மகள்