கல்யாணத் துண்டுகளுக்கு அடியில் ஆம்ப்ளிஃபயர்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முட்டிவலி குறைந்ததா? நான் நலம், கோபம்தான் கொதிக்கிறது. போன் உடைந்துவிட்டதால் கடிதம்.

போன சனிக்கிழமை நெபோய்ஷாவின் கல்யாணம். பெண்வீட்டுக்குப் போகும் ஊர்வலத்தில் முதல் கார் அதிர வேண்டாமா? அதற்கு எங்கள் கடையிலிருந்து போய், இடிபோல் முழங்கும் சப்வூஃபர் ஸ்பீக்கரை மாட்டியது நான்தான். பாலம் தாண்டியதும் அது ஊமையாகிவிட்டது. செய்தி வந்ததும் முதலாளி ராதோயே என்னை அங்கே இழுத்துப் போனார்.

"உன் சேட்டைதானடா, குரங்கே? நாளையிலேருந்து கடைப்பக்கம் வராதே!"

"நான் சேட்டை பண்ணியிருந்தா சாவுமேளம்ல கேட்டிருக்கும், முதலாளி!"

டிக்கியைத் திறந்தால், விருந்தாளிகளின் கார்களில் கட்டவேண்டிய பூவேலைத் துண்டுகள் ஸ்பீக்கரை இயக்கும் ஆம்ப்ளிஃபயர்மேல் மலைபோல் கிடந்தன. அடியில் சிவப்பு விளக்கு எரிந்தது. தொட்ட விரல் சுட்டது.

"குளிருமேன்னு போர்த்திவிட்டீங்களா, அத்தை?" என்று மாப்பிள்ளையின் அத்தையைக் கேட்டேன்.

"தட்டையா, சுத்தமா இருந்துச்சு, அதான் வச்சேன். துண்டு அழுக்காகக் கூடாதுல்ல?"

சூடு தாங்காமல் தானே அணைந்திருக்கிறது. துண்டுகளை எடுத்து, அதிலேயே ஒன்றால் விசிறினேன். கொஞ்ச நேரத்தில் பாட்டு இடித்தது, நடுரோட்டில் ஆட்டம்.

"பாத்தீங்களா, நம்ம கடை வேலை!" என்று ராதோயேவும் ஆடினார். என்னிடம் ஒரு மன்னிப்பு? மூச்சு விடவில்லை!

வேலை போகவில்லை, பயப்படாதே. தடித்த காலுறையும் நீ அரைத்த மிளகாய் விழுதும் அனுப்பு. முதலாளி கூப்பிடுகிறார், ஓடவேண்டும். ஞாயிறன்று கடை போனுக்கு அழைத்து அவரைத் திட்டு. அவசரப்படாமல், நீளமாகத் திட்டு. நானும் பக்கத்தில் நின்று கேட்கிறேன்.

உன் ஓக்னியென்