கூப்பிடாமல் ஏறிய மேடை

இன்று காலை கல்லாவுக்குக் கீழே இருக்கும் இழுப்பறையைத் துடைக்கும்போது உன் சன் ஸ்கிரீன் டியூப் கையில் தட்டுப்பட்டது. மூடியைத் திறந்ததும் தேங்காயும் மருந்தும் கலந்த அந்த வாசனை. கடைப் பெண் மூக்கைச் சுளித்து, "இன்னாக்கா இது, கெட்டுப்போன ஐஸ்கிரீம் மாதிரி?" என்றாள். கெட்டுத்தான் போயிருக்கும். ஆரணி வெயிலுக்கு அது எந்த மூலைக்கு என்றும் தெரியும். இருந்தாலும் புறங்கையில் கொஞ்சம் தடவிக்கொண்டேன்.

கப்பலிலிருந்து இறங்கும் வரிசையில் மற்ற வியாபாரிகளின் வீட்டம்மாக்கள் எல்லாம் முகத்தில் இதை அப்பிக்கொண்டு நின்றபோது நீ ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. "ஜரிகை கறுத்தாத்தாண்டி கஸ்டமர் திருப்பி எடுத்துக்கினு வருவாங்க. நாம கறுத்தா யாரு வந்து கேக்கப்போறா?" என்றாய். பின்னே எதற்கு இவ்வளவு விலை கொடுத்து வாங்கினாய் என்று கேட்டேன். நீ என் கழுத்தைத் திருப்பி, சுவருக்கு வெள்ளையடிப்பதுபோல அடித்துவிட்டாய். பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நீ திரும்பி அவர்களுக்கும் வேண்டுமா என்று கேட்டாய்.

அந்தப் பயணமே உன் பிடிவாதத்தால் வந்ததுதான். நமக்கு ஜரிகை போடும் கம்பெனி, அந்த வருஷம் நன்றாக வாங்கிய வியாபாரிகளைச் சென்னையிலிருந்து இலங்கைக்குக் கப்பலில் கூட்டிப்போகிறோம் என்றது. ஒரு நாளைக்கு ஒரு துறைமுகம். பகலில் ஊர் சுற்றல், பொழுது சாய்ந்தால் கப்பலில் ஆட்டம் பாட்டம். அழைப்பில் "வியாபாரியும் துணைவியாரும்" என்று போட்டிருந்தது. நீ போனை எடுத்தாய். "எனக்குத் துணைவியார் கிடையாதுங்க. துணை இருக்கறா. அவளுக்கும் டிக்கெட் போடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாய். மறுமுனையில் இருந்தவர் என்ன நினைத்தாரோ, டிக்கெட் வந்தது.

ஊரில் நம்மை எப்படிப் பேசுவார்கள் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ கல்யாணமே வேண்டாம் என்று நின்றவள். நான் புருஷன் வீட்டிலிருந்து ஒரே ஒரு பையோடு கிளம்பி வந்தவள். கீழே ஒரே கடை, மேலே ஒரே வீடு. "அந்த ரெண்டு பொம்பளைங்க கடை" என்றால் சேவூர்த் தறிக்காரர்களும் வழி சொல்வார்கள். புடவை எடுக்க வருவார்கள், கடனுக்கு ஜரிகை கேட்க வருவார்கள். கல்யாணப் பத்திரிகை வைக்கும்போது மட்டும் உன் பெயரை எழுதிவிட்டுப் பேனாவைத் தூக்கிக்கொண்டு யோசிப்பார்கள். என்னை என்னவென்று எழுதுவது என்று தெரியாது. கடைசியில் எழுதாமலே கொடுத்துவிட்டுப் போவார்கள்.

எனக்கு அது உறுத்தியது. உனக்கு அது சிரிப்பாக இருந்தது, அல்லது சிரித்துக் காட்டினாய்.

கப்பலில் முதல் நாள் மாலை ஒரு மந்திரவாதி வந்தான். தொப்பிக்குள்ளிருந்து கைக்குட்டையை முழம் முழமாக உருவினான். நம் வியாபாரிகள் சங்கத் தலைவர் முன்வரிசையிலிருந்து எட்டி அதன் நுனியைப் பிடித்துத் தேய்த்துப் பார்த்து, "பட்டு இல்ல, பாலியஸ்டர்" என்று பின்னால் இருந்தவர்களுக்குச் சொன்னார். அதற்கப்புறம் அந்த வித்தையை ஒருவரும் மதிக்கவில்லை. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

இரண்டாம் நாள் மாலைதான் கம்பெனியே நடத்திய ஜோடிப் போட்டி. மேனேஜர் ஒவ்வொரு வியாபாரியையும் மனைவியையும் பெயர் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டார். எல்லாப் பெயரும் வந்தது. நம் பெயர் வரவில்லை. நான் ஜூஸ் டம்ளருக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். நீ எழுந்துவிட்டாய்.

"உக்காருடி, நம்மள கூப்பிடல" என்றேன்.

"கூப்பிடலன்னா இன்னா? டிக்கெட் குடுத்து ஏத்திக்கினு வந்தாங்க இல்ல" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படி ஏறினாய். ஏழு ஜோடிகளுக்குப் பக்கத்தில் எட்டாவதாக இரண்டு நாற்காலியை நீயே நகர்த்திப் போட்டாய். மைக் வைத்திருந்த பையன் மேனேஜரைப் பார்த்தான், மேனேஜர் தலைவரைப் பார்த்தார், தலைவர் கூரையைப் பார்த்தார்.

அந்தப் பையனுக்கு நம் ஊர்க்காரர்களைத் தெரியாது. முதுகோடு முதுகு ஒட்டி உட்காருங்கள், ஒரு கையில் உங்கள் செருப்பு, இன்னொரு கையில் உங்கள் ஜோடியின் செருப்பு, கேள்விக்கு யார் பொருத்தமோ அவர் செருப்பைத் தூக்குங்கள் என்றான். தலைவர்தான் வாயைத் திறந்தார். "பொண்டாட்டி செருப்ப தூக்கிக்கினு மேடையில குந்தணுமா? இன்னா பேஜாரா கீதுப்பா உன்கூட." ஆண்கள் ஒருவரும் மனைவியின் செருப்பைத் தொடவில்லை. பெண்கள் கணவரின் செருப்பைப் புடவைத் தலைப்பில் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார்கள். அதிலும் ஒரு அம்மா தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் எடுத்தார்.

இனி போட்டி எப்படி நடக்கும்? வீட்டில் யார் முதலில் எழுந்திருப்பது என்று கேட்டான். ஆண்கள் கையில் இருந்தது அவர்கள் செருப்பு மட்டும்தான், அதைத் தூக்கினார்கள். பெண்களுக்கோ சபையில் கணவரின் செருப்பைத் தலைக்கு மேல் உயர்த்த மனம் வரவில்லை, அவர்களும் தங்களுடையதையே தூக்கினார்கள். யார் அதிகம் கோபப்படுவது? இருவருமே 'நான்'. யார் முதலில் மன்னிப்புக் கேட்பது? அதற்கும் இருவருமே 'நான்'. கடைசிவரை ஒரு ஜோடிக்குக்கூடப் பதில் ஒத்துப்போகவில்லை. நாம் இருவர் மட்டும் கோபத்துக்கு உன் செருப்பையும், அழுகைக்கு என்னுடையதையும், கணக்கில் தப்பு விடுவதற்கு மறுபடி உன்னுடையதையும் சேர்ந்து தூக்கிக்கொண்டிருந்தோம். பயத்தில் ஏறிய நான் எப்போது சிரிக்க ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஜெயித்தது யார் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றார். தலைவர் நயமாகத்தான் சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்கம்மா. இது புருஷன் பொண்டாட்டிக்குன்னு வெச்சது. நீங்க தமாஷுக்கு ஏறினீங்க, நாங்களும் சிரிச்சோம். அதோட சரி."

நீ மைக்கை வாங்கினாய். கத்தவில்லை. கடையில் விலை சொல்கிற அதே குரலில், "தமாஷுக்கு ஏறலீங்க. இவளுக்கு ஜுரம் வந்தா கஞ்சி வெக்கறது நானு. எனக்குக் கோவம் வந்தா வாங்கிக் கட்டிக்கறது இவ. இந்தக் கடல்ல நான் வுழுந்தா கத்திக்கினு பின்னாடியே குதிக்கறதும் இவதான், அதுக்கு நீச்சல்கூட தெரியாது. ஜோடிக்கு இதுக்கு மேல இன்னா வேணும், சொல்லுங்க" என்றாய்.

முதலில் கைதட்டியது தலைவரின் மனைவி. மடியிலிருந்த கணவரின் செருப்பைக் கீழே தள்ளிவிட்டு, தலைவர் முறைக்க முறைக்கத் தட்டினார். பிறகு மற்ற பெண்களும் தட்டினார்கள்.

பரிசு, மேல்தளத்தில் இரண்டு பேருக்குத் தனி மேசையில் சாப்பாடு. மெழுகுவத்தி, உப்பில்லாத சூப், பக்கத்தில் நின்று வயலின் வாசிக்கும் ஒருவர். அவர் நகரவே இல்லை. நீ அவரிடம், "நீ சாப்டியாப்பா?" என்று கேட்டு ஒரு ரொட்டியை நீட்டினாய். துறைமுகத்து விளக்குகள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. நான் உன்னிடம் கேட்டேன், ஊருக்குப் போனதும் யாராவது நாம் ஒருத்திக்கு ஒருத்தி என்ன முறை என்று கேட்டால் என்ன சொல்வது என்று. "பதில நீ தேடாத. கேக்கறவங்க தேடிக்கட்டும்" என்றாய். அந்த உப்பில்லாத சூப்பை இருவரும் மிச்சம் வைக்காமல் குடித்தோம்.

அப்புறம் உன் வயிற்றில் வந்த கட்டி. வேலூர் ஆஸ்பத்திரிக்கும் ஆரணிக்குமாக அலைந்ததையெல்லாம் உனக்கே எதற்குச் சொல்ல வேண்டும், கூட இருந்தவள் நீ. ஆனால் உனக்குத் தெரியாத சில நாட்கள் உண்டு. அவற்றைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

உன்னைப் போளூரில் உன் தம்பி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். பிறந்த வீட்டு மண்ணில்தான் காரியம் ஆக வேண்டும் என்றார்கள். உன்மேல் கோடிப் புடவை போடும் நேரத்தில் நான் நம் கடையிலிருந்து எடுத்துப்போன புடவையோடு முன்னால் வந்தேன். உன் தம்பி கெட்டவனில்லை. மெதுவாகத்தான் சொன்னான். "அக்கா, முறைக்காரங்க போடட்டும். நீங்க கொஞ்சம் ஓரமா நில்லுங்க." எனக்கு அப்போது சண்டைக்குத் தெம்பில்லை. என் கையைப் பிடித்து முன்னால் இழுத்துப்போகிறவள் ஒருத்திதான். அவள் அங்கே படுத்திருந்தாள்.

மறுநாள் ஆரணியிலிருந்து வியாபாரிகள் எல்லாம் வேன் பிடித்துப் போளூருக்குத் துக்கம் கேட்கப் போனார்கள். வேன் நம் கடை வாசலைத் தாண்டித்தான் போனது. ஜன்னல் வழியாக இரண்டு பேர் எனக்குத் தலையசைத்தார்கள். துக்கம் யாருடையதோ அவர் எதிரில் போய் உட்கார்ந்து "எப்படி ஆச்சு?" என்று கேட்பதுதான் நம் பக்கத்து வழக்கம். தெரிந்த கதையாக இருந்தாலும் கேட்பார்கள். அவரும் முதலிலிருந்து சொல்வார். அந்தக் கேள்வியை யாரிடம் கேட்கிறார்களோ அவருக்குத்தான் இழப்பு என்று ஊர் ஒப்புக்கொள்கிறது. என்னிடம் வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான், கடையை எப்போது திறப்பீர்கள் என்று.

எனக்கு வந்தது பார் ஒரு கோபம், அது உன்னுடையது. நீ விட்டுப்போனதில் அதுதான் எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அதற்கு அடுத்த நாள் ஷட்டரை முழுசாகத் தூக்கினேன். புடவை விரித்துக் காட்டும் மெத்தையைச் சுருட்டி ஓரமாகத் தள்ளினேன். சாவு வீட்டில் விரிப்பதுபோல வெறும் பாயை விரித்து, தலையை முடியாமல், தெருவைப் பார்த்து உட்கார்ந்தேன். முகூர்த்தப் புடவைக்கு வந்த ஒரு குடும்பத்திடம், "இன்னிக்கி வியாபாரம் இல்லீங்க, துக்கம்" என்றேன். பக்கத்து மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, நடு பஜார்ல பாய போட்டுக்கினு? அவங்க தம்பி வூடுதான போளூர்ல இருக்குது. அங்கதான முறை?"

"ஆஸ்பத்திரில கையெழுத்து போடச் சொன்னப்ப என்கிட்ட யாரும் முறை கேக்கலீங்க. இப்ப மட்டும் எதுக்குக் கேக்கறீங்க?"

அவர் உள்ளே போய்விட்டார். பகல் முழுக்க ஒருவரும் வரவில்லை. பஜார் வேடிக்கை பார்த்துக்கொண்டு போனது. சிலர் எதிர்ச்சாரிக்கு மாறி நடந்தார்கள். பாருங்கள், நன்றாகப் பாருங்கள் என்று நானும் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான், ஒரு வாரம் ஆனாலும் எழுந்திருப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

வெயில் இறங்கியபின் தலைவரின் மனைவி காய்கறிப் பையோடு வந்தார். பையை வாசலில் வைத்தார், பாயில் உட்கார்ந்தார், என் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். அப்போதுதான் எனக்கும் அழுகை வந்தது. போளூரில் வராதது எல்லாம் வந்தது. அழுது ஓய்ந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவர் தன் வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். "கடைக்கு வாங்க. எந்தக் கடைன்னு கேக்காதீங்க. ஜல்தி வாங்க."

தலைவர் வந்து வாசலில் நின்றார். பின்னால் இன்னும் நான்கைந்து வியாபாரிகள், என்னவோ ஏதோ என்று வந்தவர்கள். அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார், அவ்வளவுதான். தலைவர் நின்றுகொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். பத்திரிகை வைக்க வந்து பேனாவைத் தூக்கிக்கொண்டு நிற்பாரே, அப்படி. நான் உதவவில்லை. அவரே தேடட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு வேட்டியை ஒதுக்கிக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

"எப்படிம்மா ஆச்சு?" என்று கேட்டார்.

நான் முதலிலிருந்து சொன்னேன். இன்றுவரை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். கேட்டவர்களுக்கும் சொல்கிறேன், கேட்காதவர்களை நிறுத்திவைத்தும் சொல்கிறேன்.