வேறொரு நிஸாரின் பெயரில்

கட்டாரிலிருந்து,

அன்பின் ஸுஹைனாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். மாமியின் முழங்கால் வலி குறைந்ததா? மகள் றுமானா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

பெருநாளைக்கு ஏறாவூருக்கு வருவேன் என்றிருந்தேன். அது கொஞ்சம் பிந்தும். போனில் சொன்னால் குரல் தடுமாறும் என்றுதான் எழுதுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை.

விடுமுறை நாளான வெள்ளிக்கிழமைகளிலும் வேலை செய்தவர்களுக்குத்தான் இங்கே முதலில் ஊர் லீவு. என் பதிவில் ஒரு வெள்ளிகூட இல்லை என்றார்கள். அலுவலகத்தில் இருக்கும் காத்தான்குடி இஷாம் எல்லாருடைய வேலை நேரத்தையும் கொம்பியூட்டரில் எடுத்து, வெள்ளிக்கிழமைகளை மட்டும் பிரித்துப் பார்த்தான். நான் வேலை செய்த நேரமெல்லாம் கேரளத்து நிஸாரின் பெயரில் கிடந்தது. இருவருக்கும் பெயர் ஒன்று என்பதால் மேற்பார்வையாளர் மாற்றிப் பதிந்திருக்கிறார்.

"நிஸார் காக்கா, இப்பவே திருத்திருவன். ஆனா அவர்ர லீவு நிண்டுரும்," என்றான் இஷாம்.

அந்த நிஸார் பெட்டி கட்டி முடித்திருந்தார். அவருடைய உம்மா ஆஸ்பத்திரியில், கடைசி நிலையில்.

"அவர் போய்ட்டு வரட்டும். பிறகு திருத்துங்க தம்பி," என்றேன். சொல்லிவிட்டு அறைக்கு வந்து, சாப்பிடாமலே படுத்துவிட்டேன். உன்னிடம் கேட்காமல் செய்துவிட்டேன், கோபிக்காதே.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவர் இஷாமின் மச்சான். அவர் இங்கே திரும்பும்போது ஒரு தலையணை உறை தைத்துக் கொடுத்துவிடு. புதுத் துணி வேண்டாம், நீ உடுத்துப் பழகிய சட்டைத் துணி போதும். வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது.

உன்,
நிஸார்