நான்காவது படம்

இல்லை அக்கா, வாங்கவில்லை. கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்துவிட்டேன்.

நேற்று மதியம், மாட்டுத்தாவணியில். பேருந்து வரவில்லை. எதிரே மருந்துக்கடைக் கண்ணாடிக்குள் உங்கள் பொடி, உடம்பு இளைக்க. வறுத்த கொள்ளும் சீரகமுமான அந்த வாசனை மூடியைத் தாண்டி வந்ததா, நானாக நினைத்துக்கொண்டேனா, தெரியவில்லை. டப்பாவின் மேல் நீங்கள் இரண்டு பேராக நிற்கிறீர்கள். இடப்பக்கம் ‘முன்’. வலப்பக்கம் ‘பின்’.

“நல்லா கேக்கும்மா,” என்றார் கடைக்காரர். “ஓனரம்மாவே எம்புட்டு எளைச்சுட்டாக, பாருங்க.”

நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. அவருக்குத் தெரியவில்லை. வலப்பக்கத்துப் படத்தை எடுத்தவள் நான் என்பதும் தெரியாது.

பல்கலைக்கழகத்தில் தமிழ் முடித்துவிட்டு உங்களிடம் வேலை கேட்டு வந்தேன். டப்பாவில் போட ஏதாவது எழுதித் தரச் சொன்னீர்கள். ஒரு முழுப்பக்கம் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டுச் சிரித்தீர்கள்.

“ஏ தாயி, இதப் படிச்சு முடிக்கிறதுக்குள்ளயே ரெண்டு கிலோ கொறஞ்சிரும்.”

பிறகு சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்துப் போனீர்கள். ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையிருப்பவர்களுக்கு அங்கே தினமும் மதியச் சோறு. எல்லாம் பொடி விற்ற காசில். நீங்களே சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நடந்தீர்கள். அந்தக் கூடத்துக்கு ஒரே விதி. சாப்பிடுகிறவர் ‘போதும்’ என்று சொல்லும்வரை ஊற்ற வேண்டும். சொன்ன பிறகு ஒரு கரண்டிகூட ஊற்றக் கூடாது.

“வாயால சொல்லிட்டாகள்ல. அதுக்கு மேல ஊத்துனா, அது நம்ம பெருமைக்கு ஊத்துறது.”

அந்தச் சொல்லைத்தான் எடுத்து டப்பாவில் வைத்தேன். ‘போதும்’. பொடிக்கு அதுவே பெயரானது. நன்றாக விற்றது.

நீங்கள் அதை ஒருநாளும் குடித்ததில்லை. கேட்டால், “எளைச்சுட்டா வாளிய யாரு தூக்குறது?” என்பீர்கள்.

போன வருடம் பங்குனியில் உங்கள் ரவிக்கை தோளில் தொளதொளத்தது. கன்னம் ஒட்டியிருந்தது. கூடத்தில் இலை எடுக்கும் அம்மா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, “என்னத்தா, ஒடம்புக்கு என்ன?” என்று கேட்டார். நம் ஊரில் எவரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். நான் கேட்கவில்லை. நான் கேட்டது, “அக்கா, ரகசியமா நம்ம பொடியக் குடிக்கிறீங்களா?”

“வெயிலு,” என்றீர்கள்.

எனக்கு அது போதுமானதாக இருந்தது. அப்போது வேறு பொடிகள் வந்திருந்தன, நம்முடையது தேங்கிக் கிடந்தது. உங்கள் பழைய படம் ஒன்று என்னிடம் இருந்தது. மறுநாளே ‘பின்’ படத்துக்காக உங்களை வெள்ளைச் சுவரோரம் நிற்க வைத்தேன்.

முதல் படம். “போதுந்தாயி.”

இரண்டாவது. “போதும்டா, காலு கடுக்குது.”

மூன்றாவது. “போதும்.” இந்த முறை தாயி இல்லை, டா இல்லை.

“ஒண்ணே ஒண்ணுக்கா, சிரிங்க.”

டப்பாவில் இருப்பது அந்த நான்காவது. சிரிக்கிறீர்கள். மூன்று மாதத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தீர்கள்.

நேற்று பேருந்து நிலையத்திலிருந்தே உங்கள் தம்பிக்குப் போன் செய்தேன். இப்போது கம்பெனி அவர் கையில்தான்.

“அண்ணே, அந்தப் படத்த எடுத்திருவோம்.”

“எதுக்கு? அதப் பாத்துத்தாம்மா வாங்குறாக. சரக்கு ஓடுனாத்தான் கூடத்துல அடுப்பெரியும். ஒனக்குத் தெரியாதுல்ல? நீ படம் எடுக்குறதுக்கு ஒரு வாரம் முந்தியே ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டு வந்துருச்சு. அக்கா தெரிஞ்சேதான் நின்னுச்சு, கூடம் நின்னுறக் கூடாதுன்னு.”

எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொல்லியிருப்பார்.

கூடத்துக்காக நின்றீர்கள். சரி. அதை வைத்து என்னை விடுவித்துக்கொள்ள முயன்றேன். முடியவில்லை. தெரிந்தே நின்ற நீங்கள்தான் மூன்று முறை சொன்னீர்கள். அந்தச் சொல்லை டப்பா டப்பாவாக ஒட்டி விற்ற எனக்குத்தான் அது காதில் விழவில்லை. நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன், என் பெருமைக்கு.

ஏதோ ஒரு கடையில் யாரோ ஒரு பெண் அந்தப் படத்தைப் பார்த்து உங்களைப் போல ஆக ஆசைப்படுகிறாள். எதைப் போல என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

கூடத்தில் இலை குறைந்தால் அதற்கும் நான்தான் பொறுப்பு. வேறு எதையாவது எழுதி விற்றுப் பார்க்க வேண்டும். உண்மையாக எதையாவது. இன்னும் தெரியவில்லை. இப்போதெல்லாம் யார் ‘போதும்’ என்றாலும், எந்த வேலையில் இருந்தாலும், என் கை நின்றுவிடுகிறது. உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். தாமதமாக.

இன்று காலை அச்சகத்துக்குப் போன் செய்து, அடுத்த லேபிளில் படம் வேண்டாம், பெயர் மட்டும் இருக்கட்டும் என்றேன். பிறகு அதை உங்கள் தம்பியிடம் நேரில் சொல்லப் பழங்காநத்தம் பேருந்தில் ஏறினேன்.