சொந்தமில்லாத சம்பந்தி

மஸ்கெலியா

அன்பு மகள் பூரணிக்கு அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் அப்பா, தம்பி, நான் எல்லோரும் நலம், ஜோர்தான் வெயிலில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் பேசினால் நீயும் அழுது நானும் அழுது சொல்ல வந்தது நின்றுவிடுகிறது, அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். தம்பி திலக்ஷனுக்கு வந்த கண் வியாதி உன் பிள்ளைகளுக்கும் வந்துவிடும், அதனால் சுதாகரன் வீட்டாரிடம் கல்யாணம் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள் என்றாயே, போன கிழமை கண்டியில் தம்பியின் இரத்தப் பரிசோதனை முடிவைக் கொடுத்தார்கள். விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிற வியாதியாம், மரபணுவில் உள்ள கோளாறு. அது அப்பா வழியிலும் அம்மா வழியிலும் சேர்ந்து வந்தால்தான் கண்ணைப் பிடிக்குமாம், ஒரு பக்கம் மட்டும் வந்தால் ஒன்றும் செய்யாதாம். உன் அப்பா எனக்கு அத்தை மகன் இல்லையா, ஒரே தாத்தா வழியாக எங்கள் இருவருக்கும் வந்திருக்கிறது என்றார் டாக்டர். இத்தனை வருஷமாக ஒன் வீட்டுக் கண்ணுதான்டி என்று என்னைக் குத்திக்காட்டிய மனுஷன் பஸ் ஏறும்வரை அந்தப் பரிசோதனைத் தாளையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார், எனக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு. உனக்கும் அந்தக் கோளாறு ஒரு பக்கம் இருக்கலாமாம், ஆனால் சொந்தத்துக்கு வெளியே கட்டினால் பிள்ளைகளுக்கு வருவது மிக அபூர்வமாம், சுதாகரனும் பரிசோதித்துக்கொண்டால் இன்னும் நிம்மதி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சுதாகரனின் அப்பா அம்மா கொட்டகலையிலிருந்து வந்தார்கள். உன் அப்பாவைத்தான் தெரியுமே, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவனிடம்கூட இந்தியாவில் எந்த ஊர், யார் வகையறா என்று கேட்டு, இறங்குவதற்குள் மச்சானாக்கிவிடுவார். அந்நியம் என்றுதானே இவ்வளவு நாள் சுதாகரனை இழுத்தடித்தார். அன்றைக்கும் அதே கேள்விகள்தான், ஆனால் எங்கே சொந்தம் வந்துவிடுமோ என்று முகத்தில் பயம். அந்த அம்மா பாவம், நம்மைச் சந்தோஷப்படுத்த நினைத்து, தேடிப் பாத்தா நாமளும் ஒரு வழியில சொந்தமாத்தான் இருப்போம்ண்ணே என்றதும் இவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, வேணாம் தங்கச்சி, தேடாதீங்க, அந்நியமாவே இருங்க என்றாரே பார்! பிறகு எதையும் மறைக்காமல் சொன்னோம். அவர்கள் துறையூர்ப் பக்கமாம், நாம் நாமக்கல், எங்கேயும் ஒட்டவில்லை. மகனையும் பரிசோதிக்கச் சொல்றோம், எது எப்படின்னாலும் பூரணிதான் எங்க மருமக என்று அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தம்பிக்கு இன்னும் மருந்து இல்லையாம், அதுதான் மனசை அறுக்கிறது. பக்கவாட்டில் பார்வை குறைந்துவிட்டது, பொழுது சாய்ந்தால் ரோட்டோரத்துத் தண்ணீர்க் கானுக்குள் காலை விடுகிறான், பார்க்கிறவர்கள் குடித்திருக்கிறான் என்கிறார்கள். அவனோ சிரித்துக்கொண்டு, அக்காவைச் சீக்கிரம் வரச் சொல்லுங்க, கல்யாணத்தைப் பகல்ல வைங்க, நான் நேரா ஒக்காந்து பாக்கணும் என்கிறான். அதனால் வேண்டாம் என்ற பேச்சை விட்டுவிட்டு மாசிக்கு லீவு கேள், மறக்காதே. அப்பா கோயில் ஐயரிடம் போய், நல்ல நேரத்தோடு நல்ல வெயிலும் அடிக்கிற நாளாகப் பார்க்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

நீ நிறைவாக வாழ வேண்டும் என்று வாழ்த்தும்
உன் அம்மா
ஜீவராணி