அதட்டுகிற குரல்

3 ஜூன் 2025, செவ்வாய்

டாக்டர் சொன்னதை எழுதிப் பார்க்கிறேன், புரிகிறதா என்று. நரம்பு நோய். முதலில் பேச்சு போகும். இப்போதே குரலைப் பதிந்து வைத்தால், பிறகு போனில் நான் தட்டுவதை என் குரலிலேயே அது பேசுமாம். குரலை எடுத்து வைக்க முடியுமா? எந்தக் குரலை?

9 ஜூன், திங்கள்

மகள் அகிலா சென்னையிலிருந்து வந்தாள். முந்நூறு வாக்கியம் படிக்க வேண்டுமாம். ‘இன்று வானம் தெளிவாக உள்ளது.’ எங்கள் பிள்ளையார்பாளையத்தில் யார் இப்படிப் பேசுகிறார்கள்? என் வீட்டுக்காரர் தறியை நிறுத்திவிட்டுக் கைகட்டி உட்கார்ந்திருந்தார். நாற்பதாவது வாக்கியத்தில் நாக்கு தடித்துப் போனது.

15 ஜூன்

மீதி வாக்கியம் படிக்க முடியவில்லை.

22 ஜூன், ஞாயிறு

நாக்கு நன்றாக இருந்தபோது நான் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எல்லாம் அகிலா போனில் இருக்கிறது. “அதுங்கள வச்சே பண்ணிடலாம்மா” என்றாள்.

போட்டுக் கேட்டேன். நூற்று நாற்பது. “போன எடுக்க மாட்டியா?” “சாப்டியா இல்லியா, சொல்லித் தொல.” எல்லாமே அதட்டல். ஒன்றில்கூட நான் சிரிக்கவில்லை. தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை என்று சொல்லிக்கொள்ளலாம். அது மட்டும்தானா?

அவரிடம் கேட்டேன்: “நா இப்டியேதான் பேசிக்கினு இருந்தனா?”

“ஆமா.” யோசிக்கக்கூட இல்லை.

6 ஜூலை

குரல் தயார். ‘தண்ணி வேணும்’ என்று தட்டினேன். சண்டைக்கு வருவதுபோல் கேட்டது. ‘நன்றி’யும் அப்படியே. அகிலா சிரித்தாள், பிறகு அழுதாள். போனிலேயே வேறொரு பெண்குரலும் இருக்கிறது, பதமாகப் பேசுகிறது. அதையே வைத்துக்கொள்வதா? இருக்கப்போவது கொஞ்ச நாள், அதிலும் எல்லாரையும் திட்டிக்கினு... எது சரின்னு தெரியல. ஒண்ணுமே தெரியல எனக்கு.

19 ஜூலை

பதமான குரலில் “சாப்பிட வாருங்கள்” என்றேன்.

“சரிங்க” என்றார் அவர். யாருக்குச் சொன்னார்?

24 ஆகஸ்ட், ஞாயிறு

பேச்சு சுத்தமாக நின்றுவிட்டது. ஜூனிலிருந்து அவர் என்னிடம் ஆஸ்பத்திரியில் பேசுவதுபோலவே பேசுகிறார், மெதுவாக. இன்று மதியம் என்ன தோன்றியதோ, என் குரலுக்கு மாற்றினேன். அவர் தறியில் இருந்தார். ‘சோறு ஆறுது, எழுந்து வாங்க’ என்று தட்டினேன். வீடே அதிர்ந்தது.

“வந்துக்கினுதான இருக்கறேன், எதுக்குடி இப்டி கத்தற?” என்று உள்ளேயிருந்து கத்தினார்.

தறி நின்றது. கொஞ்ச நேரம் ஆள் வரவில்லை. வந்து உட்கார்ந்தபோது கண் சிவந்திருந்தது. ஒரு வாய் எடுத்து வைத்தார்.

“கொழம்புல உப்பே இல்ல” என்றார்.

உப்பு டப்பாவைத் தள்ளினேன். மூன்று மாதமாக ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்ட மனிதர்.