அக்கரைக்காரனுக்கு

மச்சான்,

இன்று பின்னேரம் மனைவி கோப்பியோடு ஒரு பிஸ்கற் பைக்கற்றை உடைத்தாள். கடையில் இத்தாலியக் கிழமையாம், மலிவாகக் கிடைத்ததாம். பாதாம் மணம் குசினி முழுக்கப் பரவியது. என்னை அறியாமலே வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். நீ இருந்திருந்தால் அந்தப் பைக்கற்றை வீட்டுக்குள் விட்டிருக்கமாட்டாய்.

ஹேர்னிங் என்ற இந்த டேனிஷ் நகரத்துத் தமிழருக்குள் உன்னைப்போல் இன்னொருத்தனை நான் காணவில்லை. மற்றவர்கள் வீடு வாங்கினார்கள், பிள்ளைகளைப் படிப்பித்து டொக்டராக்கினார்கள். நீ மாக் குழைத்தாய். துணித் தொழிற்சாலையில் உன்னோடு பின்னல் இயந்திரம் திருத்திய இத்தாலியனிடம் சனிக்கிழமைகளில் போய் அவனுடைய ஊர்ச் சமையலைப் பழகினாய். சமையலோடு பாஷையும் ஒட்டிக்கொண்டது. டேனிஷ்காரியைக் கட்டி இங்கேயே இருந்த அவன் இங்கேயே கண்ணை மூடினான். அதன் பிறகும் நீ விடவில்லை.

பக்கத்து நகரமான விபோர்க்கில் ஒரு பிறந்தநாள் விழா. பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த ஸ்பகெத்தியைக் கண்டதும் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டாய். இந்த இறைச்சிக் குழம்புக்கு இந்த நூல் சரிவராது, தட்டை நாடாப் பாஸ்தாதான் வேணும் என்று தொடங்கினாய். கேக் வெட்ட வேண்டும், விடுங்கோ என்று அந்த மனிதர் கெஞ்சும்வரை நீ நிறுத்தவில்லை. காரில் வரும்போது நான் ஏசினேன். நீ ஆறுதலாகச் சொன்னாய்: "இத்தாலியச் சாப்பாடு எண்டு ஒண்டு இல்லை மச்சான். ஊர்ச் சாப்பாடுதான் இருக்கு."

அப்படிச் சொன்ன நீ இத்தாலியை ஒருநாளும் கண்டதில்லை. அதனால்தான் ஒரு புரட்டாதியில் என் காரில் புறப்பட்டோம். உன் இத்தாலிய நண்பனின் ஊரில் பூசணிக்காய்க்குத் திருவிழா நடக்கும். சாக்ரா என்பார்கள், ஊரே கூடிச் சமைத்து, ஊரே கூடி உண்பது. உன் மனைவி வரமாட்டேன் என்றுவிட்டாள். பூசணிக்காய் தின்ன ஜெர்மனி முழுவதையும் கடக்கத் தனக்கு விசர் இல்லை என்றாள். எனக்கு மறுக்கத் தெரியவில்லை.

அந்த ஊருக்குப் போக ஒரு ஆற்றைக் கடக்க வேண்டும். ஆற்றின் பெயர் போ. போகச் சொல்லிப் பெயர் வைத்தும் போகாமல் கிடக்கிற ஆறு என்று நீ சிரித்தாய். பாலத்துக்கு இந்தப் பக்கத்து ஊரிலும் அதே பூசணிக்காய்த் திருவிழா நடந்துகொண்டிருந்தது. எனக்குப் பசி. இனி ஓட்டமாட்டேன் என்று காரை நிறுத்திவிட்டேன்.

கோயில் வளவில் பெரிய கூடாரம், கடதாசி விரித்த நீள மேசைகள், ஒரு மூலையில் பாட்டுக்காரர், கட்டிப்பிடித்து ஆடும் கிழவன் கிழவிகள். சமையலுக்குப் பொறுப்பான பருத்த அம்மா ஒருத்தி எங்கள் முன்னால் தட்டுகளை வைத்தாள். சுட்டு மசித்த பூசணிக்காயை மாவுக்குள் வைத்து மடித்த பாஸ்தா. எங்கள் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட சகோதரம். நான் பாதித் தட்டை முடித்துவிட்டேன். நீ ஒரு வாய் வைத்ததும் முள்ளுக்கரண்டியைக் கீழே போட்டாய். விபோர்க்கில் பார்த்த அதே முகம்.

"உள்ளுக்கை பாதாம் பிஸ்கற் இடிச்சுப் போட்டிருக்கினம். அவன்ரை ஊரிலை இது போடமாட்டினம்" என்றாய்.

பேசாமல் சாப்பிடு, அடி வாங்கித் தராதை என்று மன்றாடினேன். நீ கையைத் தட்டி அந்த அம்மாவைக் கூப்பிட்டாய்.

எனக்குப் பாஷை தெரியாது. கைகளை மட்டும் பார்த்தேன். முதலில் அவள் இடுப்பில் கை வைத்தாள். நீ இன்னும் இரண்டு வசனம் சொன்னதும் அவள் வாய் திறந்தபடி நின்றது. உன்னைக் காட்டி, அடுப்படியில் நின்றவர்களைக் கூவி அழைத்தாள். ஆட்கள் எங்களைச் சூழ்ந்தார்கள். கார் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று நான் பார்த்துக்கொண்டேன். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். நீ என் பக்கம் திரும்பினாய். உன் முகம் அப்படிப் பூத்து நான் கண்டதில்லை.

"'அக்கரைக்காரன் எண்டு நீ கதைக்கிற விதத்திலையே தெரியுது, பிஸ்கற் வாங்க வக்கில்லாத சனம்' எண்டு பேசுறா மச்சான்."

நீ பழகிய இத்தாலியன் அக்கரை இத்தாலியன் அல்லவா? அவனுடைய பேச்சு இழுவை உன் வாயில் அப்படியே இருந்திருக்கிறது.

தொழிற்சாலைச் சாப்பாட்டறையில் புதிதாக வருகிற ஒவ்வொருத்தனும் நீ எந்த ஊர் என்று கேட்பான். ஹேர்னிங் என்பாய். அது சரி, உண்மையில் எந்த ஊர் என்பான். பிறந்த ஊரான கரவெட்டிக்குப் போனால் அங்கே எப்போது திரும்பிப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். அந்தக் கூடாரத்தில் ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. நீ எந்த ஊர் என்று அவர்களே முடிவு கட்டி, அந்த ஊருக்காக உன்னைத் திட்டினார்கள்.

பாட்டுக்காரர் வாத்தியங்களை மூடும்வரை நீ சண்டை பிடித்தாய். இடையிடையே, ஆராய்ச்சிக்கு என்று சொல்லி, தட்டுத் தட்டாக அந்தப் பிழையான பாஸ்தாவையே விழுங்கினாய். அவள் வழிக்கு ஒரு பொதி கட்டித் தந்து இன்னும் இரண்டு வசை சேர்த்து அனுப்பினாள். பாலத்தை நாங்கள் கடக்கவே இல்லை. "போய் என்னத்தை? இவையளே என்னை அங்கத்தையான் எண்டுட்டினம்" என்றாய். ஜெர்மனி நெடுகிலும் அவளுக்குச் சொல்ல மறந்த பதில்களை எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாய்.

மாசிக் குளிரில் நீ போய்விட்டாய். இந்தப் புரட்டாதியில் நான் தனியே அதே திருவிழாவுக்குப் போனேன். அந்த அம்மா என்னைக் கண்டதும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். நீ இறந்ததைக் கைபேசியில் டேனிஷில் சொன்னேன். அது இத்தாலிய மொழியில் சொன்னது. அவள் வாங்கில் குந்திவிட்டாள். நெடுநேரம் கையை ஏப்ரனில் துடைத்தாள். பிறகு கைபேசியை இழுத்து ஏதோ சொன்னாள். அதன் குரல் பணிவாக மொழிபெயர்த்தது: "அப்படியானால் அவர் ஒத்துக்கொள்ளாமலேயே இறந்துவிட்டார்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. எனக்கு அக்கரையும் இக்கரையும் ஒரே ருசிதான், மச்சான். பிஸ்கற் போட்டது கொஞ்சம் நன்றாயிருக்கிறது என்றுகூட எண்ணியிருக்கிறேன். ஆனால் கைபேசியில் சொன்னேன், ஒத்துக்கொள்ள என்ன இருக்கிறது, பிஸ்கற் போட்டது பிழைதான், அக்கரையில்போல் சாதிக்காயும் சீஸும் போட்டாலே காணும் என்று. அது அதை நன்றி சொல்வதுபோல மரியாதையாகச் சொன்னது. அந்த மரியாதை சரிவராது என்று நான் மேசையில் அடித்தேன்.

அவள் எழுந்து நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுப்படியைப் பார்த்துக் கூவினாள். ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நான் கதிரையை இழுத்து நன்றாக இருந்துகொண்டேன்.